ஏலம் போயும் வலை விழாத ஏரி

விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் என்று முக்கோணமாகச் சுற்றிவர மூன்று நாள் போதும். இந்தச் சித்திரையில், யுத்தம் தொடங்கியபின் வந்த ஐந்தாவது கோடையில், நான் அப்படிச் சுற்றி வந்தேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை பார்க்கப் போகிறார்கள். நான் ஓர் ஏரியைப் பார்க்கப் போனேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று வழியையும் வாடகையையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

போனதற்குக் காரணம் ஒரு சந்தேகம். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். என்னிடம் படித்த ஒருத்தியின் கணவர் மீன் இலாகாவில் இன்ஸ்பெக்டர். அரிசி கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால் ஏரிகளில் மீன் குஞ்சு விட்டு வளர்க்க வேண்டும் என்று அவர்களுக்கு மேலிடத்து உத்தரவு. எந்தெந்த ஏரியில் விடலாம் என்று சுற்றிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் எங்கள் வீட்டில் காபி குடிக்கும்போது சொன்னார்: திண்டிவனம் தாலுகாவில் ஓர் ஏரி, அதன் மீன் குத்தகையை ஆண்டுதோறும் ஒரே ஆள் ஏலத்தில் எடுக்கிறார், ஆனால் ஒரு நாள்கூட வலை போட்டதில்லை. எடுப்பவர் சமணர், மீன் சாகக் கூடாது என்பதற்காகவே எடுக்கிறாராம்.

நான் நம்பவில்லை. பணம் கொடுத்து வாங்கிய உரிமையை இப்படிச் சும்மா வைத்திருக்கிறவரை நான் பார்த்ததில்லை. உள்ளே வேறு ஏதாவது இருக்கும் என்றேன். "நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, அங்கே குஞ்சு விடுவதில் அர்த்தம் உண்டா என்று சொல்லுங்கள்" என்றார் அவர். கல்லூரி விடுமுறையில் இருந்தது. சரி என்றேன்.

ஏல விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மாகாணத்தில் கடலில் யாரும் வலை வீசலாம். ஏரி மீன் அப்படியல்ல. ஏரி சர்க்காருடையது என்றால் அதிலுள்ள மீனும் சர்க்காருடையது. அதைப் பிடிக்கும் உரிமையை ஆண்டுக்கொரு முறை, ஜூலை முதல் ஜூன் முடிய என்று கணக்கு வைத்து, ஏலம் விடுகிறார்கள். எடுத்தவரோ அவர் சம்மதம் கொடுத்தவரோதான் பிடிக்கலாம். மற்றவர் பிடித்தால் திருட்டு. எடுத்தவருக்கும் நிபந்தனைகள் உண்டு. மீனுக்காக மதகைத் திறந்து நீரை வடிக்கக் கூடாது, விஷம் கலக்கக் கூடாது, வெடி வைக்கக் கூடாது. இன்ஸ்பெக்டர் காட்டிய ஷரத்துகளை மூன்று முறை படித்தேன். பிடித்தே ஆக வேண்டும் என்று ஒரு ஷரத்தும் இல்லை.

எழும்பூரிலிருந்து விழுப்புரம் சுமார் நூறு மைல். மூன்றாம் வகுப்புக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேலே ஆகிறது. பெண்கள் பெட்டி என்று எழுதியிருந்த பெட்டியில் பட்டாளத்தார் பாதிப் பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் எழுந்து இடம் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். இரவு விழுப்புரத்தில் தங்கை வீட்டில் தங்கினேன். ஊரில் தெரிந்தவர் இல்லாதவர்கள் ரயிலடிக்கு எதிரே உள்ள சத்திரத்தில் தங்கலாம். கூட்டம் அதிகம், பூட்டு நீங்களே கொண்டுபோவது நல்லது.

மறுநாள் காலை மார்க்கெட்டுக்குப் போனேன். கடலூரிலிருந்து முதல் வண்டியில் வரும் கூடைகளை ஏழு மணிக்குள் பிரித்துவிடுகிறார்கள். கடல் மீன் ஒரு பக்கம், கருவாடு ஒரு பக்கம். ஏரி மீன் தனியாக ஒரு மூலையில், தண்ணீர் நிரம்பிய பானைகளில் உயிரோடு இருக்கிறது. விரால் மட்டும்தான் அப்படி வருகிறது. தலையை மேலே நீட்டி நேராகக் காற்றையே குடிக்கும் மீன் அது. ஒரு குடம் தண்ணீர் இருந்தால் ஒரு நாள் வண்டிப் பயணத்தைத் தாங்கும். கெண்டை தாங்காது. இந்த ஒரு வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு இருபத்துநாலு மைல். பஸ் ஒன்பது மணிக்கு என்றார்கள், பத்தேகாலுக்குக் கிளம்பியது. பெட்ரோல் கிடைக்காததால் இப்போது பஸ்கள் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகின்றன. அடுப்பு பற்றிக்கொண்டால்தான் வண்டி நகரும். நல்ல புடைவை உடுத்திக்கொண்டு பின்சீட்டில் உட்காராதீர்கள். நான் பாதி வழியில் மண்டகப்பட்டில் இறங்க வேண்டும் என்றதும் கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எறங்குங்க, எனக்கென்ன. அடுத்த வண்டி எப்ப வரும்னு கேக்காதீங்க. அது இந்த அடுப்பைக் கேக்கணும்."

மண்டகப்பட்டுக் குகைக் கோயில் சாலையிலிருந்து சிறு நடை. மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து செய்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் செய்ததாக மன்னன் கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். பாறையைக் குடைகிறவனுக்கு அவை எதற்குத் தேவைப்படும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் வாயிற்காவலர் இருவரும் அழகு. நிழலும் குளிர்ச்சி. அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது.

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருப்பதால் நான் எழுதவில்லை. அங்கிருந்து திண்டிவனம் பதினேழு மைல். நான் போக வேண்டிய ஊர் கிட்டத்தட்ட நடுவில், எட்டாவது மைலில் பிரியும் மண்பாதையில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது படித்தால் தெரியும். ஒற்றை மாட்டு வண்டிக்கு ஒன்றேகால் ரூபாய் பேசினேன். யுத்தத்துக்கு முன்னால் எட்டணாவுக்கு வந்திருப்பார்கள்.

வண்டிக்காரருக்கு நயினாரை நன்றாகத் தெரியும். இந்தப் பக்கத்துச் சமணர்களை நயினார் என்றுதான் சொல்கிறார்கள். நூற்றாண்டுகளாக இங்கேயே உழுது விதைத்து வாழும் தமிழர்கள், மாமிசம் தொடாதவர்கள். நான் தேடிப்போன தரணேந்திர நயினாருக்கு நிலமும், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலை வியாபாரமும் உண்டு.

"மீனு துன்னாத மனுசன் மீனு ஏலம் எடுக்கறாரு" என்றார் வண்டிக்காரர். "கள்ளு குடிக்காதவன் கள்ளுக்கடை எடுத்துப் பூட்டி வச்ச மாதிரிதான். ஏலத்துல அவருக்கு எதிரா யாரும் ஏத்திக் கேக்கறதும் இல்ல. கேட்டா அவரு இன்னும் ஏத்துவாரு, அவ்ளோதான."

அவர் ராத்திரியில் ரகசியமாகப் பிடித்து விற்கிறாரா என்று நான் நேராகவே கேட்டேன். வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "அம்மா, நீங்க போலீசா?"

நயினார் அறுபதை நெருங்கியவர். மெலிந்த உடம்பு, நிதானமான பேச்சு. இன்ஸ்பெக்டர் முன்னமே சொல்லி அனுப்பியிருந்ததால் என்னை எதிர்பார்த்திருந்தார். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு போட்டுவிட்டார்கள். இருட்டியபின் அந்த வீட்டில் யாரும் உண்பதில்லை. கேப்பைக் களியும் கீரையும் மல்லாட்டைத் துவையலும். குடிக்கும் தண்ணீரை அவர் மனைவி இரட்டை மடிப்புத் துணியில் வடித்துக் கொடுத்தார். வடித்த பிறகு அந்தத் துணியைக் கிணற்றங்கரைக்குக் கொண்டுபோய், ஒரு வாளித் தண்ணீரில் அலசி, அதை மெதுவாகக் கிணற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டார். துணியில் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு உயிர்கள் தங்கள் இடத்துக்கே திரும்பிப்போக வேண்டுமாம். நான் முப்பது வருஷமாக அந்தச் சின்னஞ்சிறு உயிர்களைப் பிடித்துக் கண்ணாடியில் ஒட்டி மாணவிகளுக்குக் காட்டுகிறவள். தண்ணீரைக் குடித்தேன்.

இரவு படுக்கும்போது என் சந்தேகத்தில் பாதி போய்விட்டது. அந்த மனிதர் மீன் விற்பவர் அல்ல.

மறுநாள் விடியற்காலையில் நயினாரும் தலையாரி முனுசாமியும் என்னை ஏரிக்கு அழைத்துப் போனார்கள். தலையாரி ஊர்க்காவல் பார்ப்பவர். ஏரியில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. கரை ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய வரை வெடித்த களிமண். ஐப்பசி, கார்த்திகையில் வர வேண்டிய மழை சரியாக வரவில்லை. தண்ணீர் எல்லாம் மதகின் உட்பக்கம், அதன் அடிக்கல்லுக்கும் தாழ்வாக இருக்கும் குழியில் ஒடுங்கிவிட்டது. குழி ஒரு சின்னக் குளம் அளவு இருக்கும். ஓர் ஏரியின் மீன் முழுவதும் அதற்குள் இருந்தது.

நீர்ப்பரப்பு முழுவதும் கெண்டைகளின் வாய்கள். திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. மீன் விடியற்காலையில் மேலே வந்து அப்படி வாயைத் திறந்தால், நீரில் கரைந்திருக்கும் காற்று தீர்ந்துவிட்டது என்று பொருள். இரண்டு நாள் வெயிலைத் தாங்கும். மூன்றாவது நாளைத் தாங்காது.

குழியின் மறுபக்கத்தில் சேரிப் பெண்கள் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்து மணலில் சிறு பள்ளம் தோண்டி, அதில் ஊறும் நீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். ஊர்க் கிணற்றில் அவர்களை விடுவதில்லை. ஆடி மாதம் மழை பிடிக்கும் வரை அந்தக் குழிதான் அவர்களுக்குக் குடிநீர். போன கோடையில் குழி மீன் பெரும்பாலும் செத்து மிதந்து, தண்ணீர் நாறி, சேரியில் மூன்று வீட்டில் வாந்திபேதி என்று தலையாரி என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்.

நயினாரைப் பார்த்ததும் ஒரு பெண் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஞானம்மா என்று பெயர். நாற்பது வயது இருக்கும். நயினாரின் மல்லாட்டைக் கொல்லையில் வேலை செய்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவளும் அவள்தானாம். குரலைக் கேட்டால் நம்பலாம்.

"நயினாரே, கும்புடறேன். இன்னைக்குத் தண்ணில வாசனை வந்துருச்சி."

நயினார் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மழை வரும் ஞானம்மா. மேக்கால மேகம் கட்டிக்கினு இருக்குது."

"அது அங்கியேதான் கட்டிக்கினு இருக்கும். அவுத்து உடறவன் யாரு? நீங்க உங்க கெணத்துத் தண்ணிய ரெண்டு மடிப்புத் துணில வடிச்சிக் குடிக்கறீங்க. சந்தோசம். இத்த நாங்க எத்தினி மடிப்புல வடிக்கறது?"

"என் கெணத்துல மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணி எறைக்கும்போது வாய்க்கால்ல வந்து புடிச்சிக்கோங்கன்னு சொல்லித்தான் இருக்கேன்."

"கவலை ஓட்டறது வாரத்துல ரெண்டு நாளு. குடிக்கறது தெனமும்."

தலையாரி சிரிப்பை அடக்க இருமினார். ஞானம்மா அவரை விட்டுவைக்கவில்லை. "முனுசாமிண்ணன் நல்லாக் காவல் காக்கறாரு. அதோ கொக்கு வரிசையா உக்காந்து துன்னுதே, அதுங்ககிட்ட ஏலம் எடுத்தியான்னு கேட்டாரா?"

பிறகு குரலைத் தணித்தாள். நயினாரிடம் அவள் கேட்டது இதுதான்: மீன் செத்து நாறும் முன்னால், சேரி ஆட்கள் குழியில் இறங்கி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் தண்ணீர் பிழைக்கும். அதற்கு அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அந்த ஒரு வார்த்தைதான் என்னால முடியாது" என்றார் நயினார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுக் குடத்தடிக்குப் போய்விட்டாள். ஒவ்வொரு வருஷமும் கேட்டு ஒவ்வொரு வருஷமும் இதே பதிலை வாங்கியவள் மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் நயினார் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். போன வருஷம் போலவே மீன்களைப் பானையில் எடுத்து வண்டியில் ஏற்றி, அரை மைலில் இருக்கும் தம்முடைய பெரிய பாசனக் கிணற்றில் விட்டால் என்ன? போன வருஷம் தாமதமாகிவிட்டதால் பத்து நடைதான் கொண்டுபோக முடிந்தது. இந்த வருஷம் இன்றே தொடங்கலாம்.

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இந்த வெயிலில் பானைக் கெண்டை வழியிலேயே சாகும். விரால் மட்டும் பிழைக்கும். பிழைத்து, அதே கிணற்றில் போட்ட மற்ற மீன்களைத் தின்னும்.

"தெரியும்மா" என்றார். "போன வருஷம் உட்டதுல இப்ப ஒரு கெண்டை இல்ல. விரால் மட்டும் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து கிடக்குது. கொல்லையில எல்லாரும் பேசிக்கிறாங்க, எனக்குக் காது கேக்கும். ஆறு மாசமா அந்தக் கெணத்தை எட்டிப் பார்க்கறதில்ல நான்."

"பின்னே மறுபடியும் ஏன் கேட்கிறீங்க?"

"நீங்க படிச்சவங்க. வேற ஏதாவது சொல்லுவீங்களோன்னு."

எல்லாவற்றையும் கொண்டுபோகத் தோதான இடம் இல்லை, நேரமும் இல்லை. குழியிலிருந்து அவற்றை எடுத்தாலும் சாகும், எடுக்காவிட்டாலும் சாகும். எடுத்தால் தண்ணீர் மிஞ்சும். இதை இப்படியே சொன்னேன். சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை.

"நான் புடிக்கவும் கூடாது, அடுத்தவனைப் புடிக்கச் சொல்லவும் கூடாது, புடிக்கறவனைப் பார்த்துச் சரின்னு தலையாட்டவும் கூடாது" என்றார் அவர். "மூணும் எங்களுக்கு ஒண்ணுதான். எங்கப்பா காலத்துல இருந்து இந்த ஏலத்தை எடுக்கறோம். ஒரு தரம் சரின்னு சொல்லிட்டேன்னா அப்புறம் எதுக்கு எடுக்கணும்?"

வீடு வந்ததும் அவர் உள்ளே போய்விட்டார். நான் மூட்டையைக் கட்டினேன். என் வண்டிக்காரரைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். அவர் வந்தபோது நயினார் வாசலில் நின்று, அவரைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசிய கூலியில் பாதியையும் கொடுத்துவிட்டார். என்னைத் திண்டிவனத்தில் ரயிலேற்றத் தாமே தம் வண்டியில் வருவதாகச் சொன்னார். ஒன்பது மைல் தூரத்துக்கு அவர் ஏன் வர வேண்டும், வீட்டில் ஆள் இருக்கிறதே என்றேன். அவர் மனைவியும் அதையே கேட்டார். தெரியாத பாதை, யுத்த காலம் என்று ஏதோ சொன்னார். பிறகு தலையாரியைக் கூப்பிட்டார்.

"முனுசாமி, நீயும் ஏறு. வழித்துணைக்கு."

தலையாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஏரியை யார் பார்த்துக்கொள்வது என்றார். நயினார் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் மனைவி மட்டும் சட்டென்று உள்ளே போய், இரண்டு நாளைக்குக் காணும்படி சத்துமாவும் வெல்லமும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார்.

பாதை ஏரிக்கரை மேலே போகிறது. சேரி ஓரத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஆண்களின் கையில் அடிப்பக்கம் திறந்த மூங்கில் கூடைகள். சேற்றில் மீன் மேல் கவிழ்த்துப் பிடிப்பதற்கு அவை. வண்டியைப் பார்த்ததும் ஒவ்வொருவராகக் கூடையை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்கள். அவ்வளவு பெரிய கூடை முதுகுக்குப் பின்னால் மறையாது. ஆனாலும் தள்ளினார்கள். நயினார் மாட்டின் கொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானம்மா வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், நயினாரைப் பார்த்தாள், பின்னால் உட்கார்ந்திருந்த தலையாரியை நன்றாகப் பார்த்தாள்.

"எங்க நயினாரே, இந்த வெயில்ல?"

"திண்டிவனம். அம்மாவை ரயிலேத்தணும்."

"எப்ப வருவீங்க?"

"நாளைக்குச் சாயந்திரம்."

குழி இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கேவா?" என்றாள். "வயசான காலத்துல ஜல்தி ஜல்தியா ஓடி வரணுமா? மாடும் பாவம்தான. ஒரு நாளு கூட இருந்து, இளைப்பாறிட்டு வரலாமே."

நயினாரின் தாடை இரண்டு தரம் அசைந்தது.

"சரி. நாளான்னிக்கே வர்றேன்."

"நல்லாப் போய்ட்டு வாங்க" என்று அவள் வழி விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. வண்டி கரையை விட்டு இறங்கும் வரை பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அதன் பிறகு கேட்டது. நிறையப் பேர் ஒரே சமயத்தில் தண்ணீரில் இறங்கும் சத்தம். தலையாரி எழுந்து பார்க்கப் போனார். "உக்காரு முனுசாமி" என்றார் நயினார், தலையைத் திருப்பாமல்.

இப்படி ஊரை விட்டு விலகிப்போவது தலையாட்டுவதில் சேருமா சேராதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. சந்தேகப்படுவது என் பழக்கம். எல்லாச் சந்தேகத்தையும் வாய்விட்டுக் கேட்பது பழக்கமல்ல. பாதி வழியில் அவரே சொன்னார், ஊருக்குத் திரும்பிப் போனதும் மூன்று நாள் உபவாசம் இருக்கப்போவதாக. அதிலிருந்து அவர் கணக்கு என்ன என்பது தெரிந்தது.

அப்போது நான் ஒன்று சொன்னேன். இன்ஸ்பெக்டரிடம் நான் பேச வேண்டியிருக்கிறது. ஏல ஷரத்துகளில் புதிதாக ஒன்று சேர்க்கச் சொல்லலாம்: தண்ணீர் மதகின் அடிக்கல்லுக்குக் கீழே இறங்கிவிட்டால் குத்தகைதாரர் உரிமை அன்றோடு முடிந்தது, அதற்கு மேல் குழி மீன், அந்தக் குழித் தண்ணீரைக் குடிக்கிறவர்களுடையது.

நயினார் கயிற்றைத் தளரவிட்டார். "அப்படிப் போடுவாங்களா?"

"சொல்லிப் பார்க்கிறேன். போடுவாங்கன்னு சொல்ல மாட்டேன்."

"போட்டா, நான் ஏலம் எடுக்கலாமா?"

"எடுக்கலாம். தண்ணி கல்லுக்கு மேல இருக்கிற வரைக்கும் மீன் உங்களோடது. யாரும் தொட முடியாது."

அவர் மனசுக்குள் மாதங்களை எண்ணினார் என்று நினைக்கிறேன். "எட்டு மாசம்" என்றார்.

"மழை நல்லாப் பெய்தால் ஒன்பது."

"அதுக்கு அப்புறம் நடக்கறது என் சம்மதம் இல்ல. சர்க்கார் ஷரத்து." கயிற்றை மறுபடியும் இழுத்துப் பிடித்து, "அப்போ எனக்குப் பாவம் கெடையாதா?" என்றார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. தண்ணி நாறாது. அது மட்டும் தெரியும்."

முதல் தடவையாக அவர் சிரித்தார். ஒன்பது மைலுக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

சென்னைக்கு வந்து இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: ஏரி நல்ல ஏரி, குஞ்சு விடலாம், ஆனால் விடுவதற்கு முன் அந்த ஷரத்தைச் சேருங்கள். மீனைப் பிடிக்காத குத்தகைதாரரை ஏலத்திலிருந்தே விலக்கிவிட்டால் எளிதில்லையா என்றார் அவர். எளிதுதான். ஆனால் எட்டு மாதம் யாரும் வலை வீசாத நீரில் தாய் மீன் பெருகும். மழைக்காலத்தில் உபரி நீர் போகும் கலங்கல் வழியே வழியும் வெள்ளத்தோடு கீழே இருக்கும் ஏரிகளுக்குக் குஞ்சுகள் செலவில்லாமல் போய்ச் சேரும். இலாகா லாரியில் கொண்டுபோய் விட நினைப்பதை அந்த மனிதர் தம் பணத்தில் செய்துகொண்டிருக்கிறார் என்றேன். இன்ஸ்பெக்டர் மேலதிகாரிக்குச் சொல்வதாகச் சொன்னார். ஜூலை ஏலத்துக்குள் என்ன ஆகும் என்று தெரியவில்லை. எதையும் நான் முன்கூட்டி நம்புவதில்லை.

நயினார் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: ஊர்ப் பெயர் வேண்டாம். சேரியில் யாரையும் யாரும் வந்து விசாரிக்கக் கூடாதாம். ஆகவே அது இங்கே இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சித்திரையில் போகாதீர்கள், தை, மாசியில் போனால் ஏரிகள் நிரம்பியிருக்கும், கோட்டை ஏறவும் வெயில் தாழ்வு. குடிக்கும் தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். கோடையில் அந்த ஊர்களில் ஒரு செம்பு கேட்பது சின்ன விஷயமில்லை. நயினார் வீடுகளில் விருந்தாளியாகத் தங்க நேர்ந்தால் பொழுதோடு போய்ச் சேருங்கள், விளக்கு வைத்தபின் சாப்பாடு இல்லை. மீன் வேண்டுமென்றால் விழுப்புரத்திலேயே காலையில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கோயில்களில் ஈடுபாடு உள்ளவர்கள் திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போய்வரலாம், எனக்கு நேரமில்லை.

திண்டிவனத்தில் சென்னை வண்டி மூன்று மணிக்கு என்று போட்டிருந்தது, நாலேகாலுக்கு வந்தது. நான் ஏறியபின் நயினாரும் தலையாரியும் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். நயினார் பிளாட்பாரத்துப் பெஞ்சில் சத்துமாவு மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போகலாமா என்று தலையாரி கேட்டது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "எங்க போறது?" என்றார் நயினார்.

அந்தப் பெஞ்சு வேப்பமரத்துக்கு அடியில் இருக்கிறது. வண்டி தாமதமானால் அங்கே உட்காருங்கள். நிழல் நல்ல நிழல். வேறு வேலை இல்லாதவர்கள் இரண்டு நாள் கூட உட்காரலாம்.